அலிபிரியிலிருந்து ஓர் ஆட்டோ

காலை ஏழு ஐம்பதுக்கு என் வீட்டுக்காரர் போன் செய்து, "நான் அலிபிரியில நிக்கறேன்" என்றார். அலிபிரி மலையடிவாரம். நானும் மகளும் திருப்பதியின் மறுகோடியில், ரேணிகுண்டா ரோட்டில், தேர்வு மைய வாசலில் நின்றிருந்தோம். அவளுடைய ஹால் டிக்கெட்டும் ஆதாரும் அவர் தோள்பையில். எட்டரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்லும் வேலைக்கான தேர்வு. ஆந்திர எல்லையில், ராமகுப்பம் பக்கத்து எங்கள் ஊரில் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. "ஒரு வார்த்தை மாறிப்போனா எத்தினி உசுரு" என்று மாதக்கணக்கில் புலம்பினேன்.

"அதுக்குத்தாம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்ல வெக்கறது. தப்பா கேட்டிருந்தா அங்கயே தெரிஞ்சிடும்" என்பாள் மகள். வீட்டில் அப்பாவிடமும் அதே பழக்கம். "நைனா, பால் ஒரு பாக்கெட்டு, தயிர் வேணா. திருப்பிச் சொல்லு." அவரும் சொல்லிவிட்டு, "நம்ம வூட்ல ஃப்ளைட்டு ஒண்ணுதான் இல்ல" என்பார்.

அன்று காலை ரயில்வே ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோவில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. பின்னால் வந்ததில் அவர் ஏறினார். அதில் இருந்தவர்கள் எல்லாரும் மலைக்குப் போகிறவர்கள். ஆஸ்பத்திரிக்கென்று திருப்பதி வந்தாலும் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆட்கள் நாங்கள். அவர்கள் 'கோவிந்தா' என்றால் இவர் சும்மா இருப்பாரா? கூடவே குரல் கொடுத்துக்கொண்டு, வழியைப் பார்க்காமல் அடிவாரம் வரை போயிருக்கிறார்.

நான் கத்த ஆரம்பித்தேன். மகள் என் போனை வாங்கிக்கொண்டாள்.

"நைனா, தனி ஆட்டோ புடி. லீலாமகால் சர்க்கிள் வந்ததும் சொல்லு. போனை வெக்காத. இப்ப திருப்பிச் சொல்லு."

"தனி ஆட்டோ. லீலாமகால். போனை வெக்க மாட்டேன்."

"கோவிந்தா போடாத."

"போட மாட்டேன்மா."

நெரிசலில் ஆட்டோ நின்றபோது போனிலேயே டிரைவரிடம் தெலுங்கில், அதே நிதானத்தோடு, சுற்றுவழி சொன்னாள். அவரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். அப்பாவிடம், நீலக் கேட்டருகே லெஃப்ட்டில் நிற்கச் சொன்னாள். நான் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூட அந்த இரும்புக் கேட்டின் சத்தம் காதில் கேட்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில்தான், நான் என்றைக்காவது விமானம் ஏறினால் கீழேயிருந்து இந்தக் குரல் பேசினால் போதும் என்று தோன்றியது.

காவலர் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் கை வைத்தபோது ஆட்டோ வந்து நின்றது. மகள் போனை என்னிடம் திணித்து, இறங்கியவரின் தோளிலிருந்து பையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். நெற்றி நாமம் வியர்வையில் மூக்குவரை வழிந்திருக்க, என் எதிரிலேயே நின்றுகொண்டு, இன்னும் காதிலிருந்து எடுக்காத போனில் அவர் சொன்னார்:

"நீலக் கேட்டாண்ட வந்துட்டேன். லெஃப்ட்டுல நிக்கறேன். அப்புறம் இன்னாம்மா செய்யணும்?"