டின் பாலும் உயிர்வேதியியலும்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அங்கே டாக்டர் லோகேஸ்வரிக்கு முதலாண்டு உயிர்வேதியியல் வகுப்பு, காலை எட்டு மணிக்கு. பதிவேட்டில் நூற்றிருபது பேர், மண்டபத்தில் பதினொருவர். மற்றவர்கள் தோழர்கள் அனுப்பும் வருகைப்பதிவுக் கியூஆர் படத்தைத் தூரத்துக் காஜாங்கில் கட்டிலில் கிடந்தபடியே ஸ்கேன் செய்து ‘வருகை’ தந்துவிடுவார்கள். வந்தவர்களிலும் நால்வர் ஏர்கோன் குளிருக்காக வந்தவர்கள். ஒருநாள் முன்வரிசையில் ஒரு பல்லி உட்கார்ந்து கடைசிவரை பாடம் கேட்டது. அதற்கு வருகை போடாதது லோகேஸ்வரியின் தவறுதான்.

டீன் சுகுமாறன் நேரில் வந்து தலைகளை எண்ணினார். “மாசக் கடைசில மறுபடி வருவேன் டாக்டர். அறுபது தலை இல்லன்னா உங்க வகுப்ப வீடியோ ஆக்கிடலாம். பிள்ளைங்க வீட்லயே பாக்கட்டும்.”

இருபத்திரண்டு வருடம் நின்று பேசியவர் வீடியோப் பெட்டிக்குள் போவதா? லோகேஸ்வரி பிள்ளைகளையே காரணம் கேட்டார்.

“பேஷன்ட்ட கண்லயே காட்ட மாட்றீங்களே டாக்டர்,” என்றான் தனேஷ். “எப்பப் பாத்தாலும் போர்டுல அம்புக்குறி. போரிங் லா.”

நோயாளிக்கு எங்கே போவது? கேன்டீனில் தே தாரிக் என்னும் பால் தேநீரை இழுத்து ஆற்றும் தம்புசாமியை அழைத்து வந்தார். பதினைந்து வருட இனிப்புநீர்க்காரர், சர்க்கரை நோயாளி.

“சாப்பாட்டுல கட்டுப்பாடு உண்டாண்ணே?”

“தேத்தண்ணில சீனியே தொட மாட்டேன் டாக்டர். டின் பால் மட்டும்தான்.”

டின் பால் என்பது பாதிக்குப் பாதி சீனி. விரலில் குத்திப் பார்த்தார்கள். மலேசிய அளவில் ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை பதினெட்டு. போர்டிலிருந்த அம்புக்குறிகள் எல்லாம் அன்றுதான் எங்கே போகின்றன என்று தெரிந்தது.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் தம்புசாமியின் விரல். குத்துவதற்கு முன் எண்ணைக் கணிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் எண்பது பேர், பல்லிக்கு இடமில்லை.

ஆனால் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் படித்துவிட்டார்கள். கேன்டீனிலும் விடவில்லை. “அங்கிள், அந்த டின்ன கீழ வைங்க!”

மாதக் கடைசிச் செவ்வாய். தம்புசாமியின் சர்க்கரை ஆறு.

“சே, நார்மல்!” என்றது மண்டபம். பின்வரிசையில் பைகள் எழுந்தன. வாசலில் டீன் எண்ணத் தொடங்கியிருந்தார்.

தம்புசாமி பதறி, காதோரம் கேட்டார்: “டாக்டர், ஓடிப்போய் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு வரவா?”

லோகேஸ்வரிக்கு ஒரு கணம் ஆசைதான். படித்த படிப்பு தடுத்தது. “வேணாம்ணே.” அப்போதுதான் டீனின் கையிலிருந்த தேத்தண்ணிக் கிளாஸ் அவர் கண்ணில் பட்டது.

“சார், உங்க தேத்தண்ணில சீனி உண்டா?”

“நானா? சீனியே கிடையாது. டின் பால் மட்டும்தான்.”

எழுந்த பைகள் அப்படியே உட்கார்ந்தன. தனேஷ் ஊசியோடு வாசலுக்கு ஓடினான். பதினாலு!

எண்ண வந்தவர் எண்ணிக்கையை மறந்தார். இப்போது செவ்வாய்தோறும் எட்டு மணிக்கு டீன் முன்வரிசையில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கிளாஸைத் தம்புசாமி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார். வீடியோப் பேச்சு நின்றுபோனது. வீடியோவில் விரலைக் குத்த முடியாதாம். டீனே சொல்லிவிட்டார்.