எசென்குலுக்குப் பக்கத்து நாற்காலி

பிஷ்கெக் ஓபரா அரங்கில் வேலைக்கு வாசித்துக் காட்டிய அன்றே பூருலாய்க்கு எசென்குலைப் பிடிக்காமல் போயிற்று. ஓபோ என்ற ஊதுகுழல் வாசிப்பில் அங்கே முதல் ஆள் அவர். அவள் வாசித்து முடித்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், அவள் காதில் விழும்படியே சொன்னார்: "விரல் ஓடுது. மூச்சுதான் நிக்காது. ரெண்டு பிள்ளை பெத்தா போயிடும்."

வேறு ஆள் கிடைக்காததால் அவளை எடுத்தார்கள். இரண்டாம் ஓபோ, அவருக்குப் பக்கத்து நாற்காலி. பிள்ளைகள் இரண்டு பிறந்தன. மூச்சு எங்கும் போகவில்லை. எசென்குலின் வாயும் ஓயவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து சீவிக்கொண்டு வரும் சீவாளியைத் தூக்கிப் பார்த்து ஒருநாள் கேட்டார்:

"இது என்னம்மா, அடுப்புக்கா?"

"வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சீவாளி, அண்ணே."

வயலின்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது.

அவள் பாடம் சொல்லிக்கொடுத்த இசைக் கல்லூரியிலும் அவரே துறைத்தலைவர். அவளுக்குக் கொடுத்த அறை கொதிகலனை ஒட்டியது. அந்தச் சூட்டில் மர வாத்தியம் விரிசல் விட்டுவிடுமோ என்று பயந்து, குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்தே பாடம் நடத்தினாள். அவர் வேண்டாமென்று தள்ளிய பிள்ளைகள்தான் அவளிடம் வந்தார்கள். நாரின் என்ற மலை ஊரிலிருந்து வந்த சைக்கால் அப்படி வந்தவள். உதட்டை இறுக்கிப் பிடித்து, வாத்து கத்துவது போல ஊதினாள். பூருலாய் முதல் வருடம் பாட்டே கொடுக்கவில்லை. நீண்ட சுரங்கள் மட்டும். மூன்றாம் வருடம் அந்தப் பெண் வாசித்தால் நடைபாதையில் போகிறவர்கள் நின்றார்கள்.

கடைசிப் பரீட்சைக்கு முன் எசென்குல் சைக்காலைத் தன் வகுப்புக்கு மாற்றிக்கொண்டார். பரீட்சைக் கச்சேரிக்கு அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் 'எசென்குலின் மாணவி' என்று வந்தது.

பூருலாய் அவரை நடைபாதையிலேயே மறித்தாள். "மூணு வருஷம் நான் சொல்லிக்கொடுத்த பொண்ணு அண்ணே அது. வெக்கமா இல்ல?"

"நான் என்ன கட்டியா இழுத்துட்டுப் போனேன்? அவளையே கேளு."

கேட்டாள். சைக்கால் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "மேல்படிப்புக்கு அல்மாட்டிக்கு அனுப்பறேன்னாரு, அக்கா. உங்களால முடியாதுன்னாரு."

அது உண்மைதான். அதனால்தான் அதிகம் எரிந்தது. "போ," என்றாள் பூருலாய். "உதட்டை இறுக்காம வாசி."

சில வருடங்களில் எசென்குலுக்கு முன்பற்கள் போயின. பொய்ப்பல் கட்டினார், காற்று ஒழுகியது. அரங்கில் ஓபோ கொடுக்கும் சுருதிக்குத்தான் மொத்த வாத்தியக் குழுவும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுருதியே ஆடியது. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் குழுவை நடத்தும் வலெரி ஒருநாள் ஒத்திகையில், எசென்குலைப் பார்க்காமலே சொன்னார்: "பூருலாய், இன்னிக்கு நீங்க கொடுங்க."

எசென்குல் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அவரை அனுப்பிவிடத்தான் நிர்வாகம் நினைத்தது. முதல் நாற்காலிக்கு வரும் பூருலாயிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்கள். வலெரி வந்து கேட்டார்.

"அனுப்ப வேணாம்," என்றாள். "ரெண்டாவதுல உக்காரட்டும்."

"பெரிய மனசும்மா உங்களுக்கு."

"மனசெல்லாம் இல்ல. தினமும் என் சுருதிக்கு அவர் சேத்துக்கணும். அதை நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

எசென்குல் வந்தார், வாசிக்க வேறு போக்கிடம் இல்லை. முதல் நாள் அவள் சுருதி கொடுத்ததும், "ஏறியிருக்கு," என்று முணுமுணுத்தார். ஒரு மயிரிழை ஏறித்தான் இருந்தது. அவளுக்கும் தெரியும். இறக்கவில்லை. மொத்தக் குழுவும் அந்தச் சுருதியிலேயே அன்று வாசித்தது.

இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்தார். பிறகு நுரையீரல் கெட்டு, ஒரு வசந்தத்தில் போய்ச்சேர்ந்தார். துறைத்தலைவர் பொறுப்பு அதற்குள் பூருலாய்க்கு வந்திருந்தது. இரங்கல் கூட்டத்தில் வாசிக்கக் கேட்டார்கள். மாட்டேன் என்றாள். ஆனால் அவர் இறந்த நாற்பதாம் நாள் வீட்டில் வைத்த விருந்துக்குப் போனாள்.

முற்றத்துக் கூடாரத்தில் அவர் மனைவி துர்சுனாய் கறித்தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தவ நீ. அவரைப் பத்தி ஏதாச்சும் சொல்லேன்."

பூருலாய் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "நல்லா வாசிப்பாரு, அக்கா. நல்ல மனுஷன் இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்ற துர்சுனாய், எலும்போடு இன்னொரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். "சாப்பிடு, ஆறுது."