இணையாத வட்டும் போன போகத்துப் பட்டியலும்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகும் எனக்கு ஒரு வேலை இருந்தது. பல நாட்டவர் சேர்ந்து எழுதி இலவசமாக வழங்கும் ஓர் இயக்குதளத்தில் சிறு பகுதி ஒன்றைப் பராமரித்து வந்தேன். கணினி தொடங்கும்போது வட்டை ஒரு கோப்புறையோடு இணைக்கும் பகுதி அது. மவுண்ட் என்போம்.

பழைய நிரல் தாராளமானது. இணைக்கும் கட்டளையில் வழக்கொழிந்த விருப்பம் (ஒப்ஷன்) ஏதும் கிடந்தால் அதைப் பேசாமல் விட்டுவிட்டு வட்டை இணைத்துவிடும். நிரலைப் புதிய முறைக்கு மாற்றி எழுதியபோது அந்தத் தாராளம் எனக்கு அசிங்கமாகப் பட்டது. தெரியாத விருப்பம் இருந்தால் இணைக்காதே என்று எழுதினேன். பழையதை நம்பி யாரும் இருக்கிறார்களா என்று பார்க்கவில்லை.

இருந்தார்கள். எங்கள் நிந்தவூர்க் கமக்காரர் சங்கத்துக் கணினியின் கட்டளையில் அப்படியொரு பழைய விருப்பம் கிடந்தது. அதை எழுதியவனும் நான்தான். அது நினைவில்லாமல், புதிய பதிப்பைப் பரீட்சிக்க அந்தக் கணினியிலேயே போட்டேன்.

மறுநாள் வட்டு இணையவில்லை. வட்டு இணையாவிட்டால் அது மறைத்துக்கொண்டிருந்த பழைய கோப்புறை வெளியே தெரியும். அதற்குள் போன போகத்துத் தண்ணீர் முறைப் பட்டியல் இருந்தது. முறை போகத்துக்குப் போகம் மாறும்; இந்தப் போகத்துப் பட்டியல் இணையாத வட்டில் கிடந்தது. திகதி கிடையாது, வயல்களின் ஒழுங்கு மட்டும்தான். சங்கத்து எழுதுவினைஞரான பெண் அதை அச்செடுத்து, வாய்க்காலைத் திறந்து மூடும் வட்டைவிதானையிடம் கொடுத்துவிட்டார். அதில் முதலாவது அந்தப் பெண்ணின் மூத்த சகோதரரான காக்காவின் வயல். அதில் கடைசியாக இருந்த வயல்கள் கதிர் வரும் நேரத்தில் காய்ந்தன.

சங்கத்தில் சனம் கூடியது.

"கொம்பியூட்டருக்கும் உன்ட காக்காவத்தான் பிடிக்குமா புள்ள?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"நான் ஒண்டையும் மாத்தல்ல. அதுக்குள்ள கிடந்தத்தான் எடுத்தன்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சேர், நீங்க சொல்லுங்க. பட்டியல் தன்னால மாறுமா?"

அதற்குள் நான் கணினியைப் பார்த்திருந்தேன். காரணம் எனக்குத் தெரியும்.

"தன்னால மாறாது" என்றேன்.

அந்தக் கிழமையே அவர் வேலையை விட்டுப் போனார்.

நிரலைத் திருத்தினேன். பழைய விருப்பங்களை முன்போலவே ஏற்றுக்கொண்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதி வைக்கும்படி செய்தேன். மாற்றக் குறிப்பில், தவறு என்னுடையது, பயனர் ஒருவர் இதனால் பாதிக்கப்பட்டார் என்று எழுதினேன். முகம் தெரியாதவர்கள் என் நேர்மையைப் பாராட்டினார்கள். அந்தப் பயனரின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி.

ஒரு வருடம் கழித்துப் போன கிழமைதான் அங்கே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைப் பிடித்தபடி கேட்டார்.

"இத ஏன் சேர் எனக்கிட்ட சொல்றீங்க? நான் செய்யல்லண்டு எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லுங்க."

பெரும்போகக் கூட்டம் வரும் புதன்கிழமை. அங்கே கதைக்க நேரம் தரும்படி வட்டைவிதானையிடம் கேட்டேன்.

"ஓம் சேர், கதைங்க. என்ன விசயம்?"

கணினி விசயம் என்றுதான் சொன்னேன்.