விசா மட்டும் போதாது

“கால்சட்டையக் கழட்டுப்பா,” என்கிறாள் எனியோனம். எதிரே நிற்பவன் ஆறடி உயர டென்மார்க்காரன். வெயிலில் ஏற்கெனவே சிவந்திருந்த முகம் இன்னும் கொஞ்சம் சிவக்கிறது. பட்டாளத்துப் பச்சைத் திட்டுத் துணியில் தைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கானாவுக்குள் சாதாரண ஜனங்கள் அதைப் போடக் கூடாது. வழிகாட்டிப் புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் தாண்டிவிட்டான் போலிருக்கிறது. எனியோனத்திடம் நாடா வைத்த பழைய கால்சட்டைகள் மூன்று அளவுகளில் உண்டு. இவனுக்குப் பெரியதை எடுத்து நீட்டிவிட்டு, தன் நீலக் குடையைச் சாய்த்து மறைப்புக் கட்டிக் கொடுக்கிறாள்.

டோகோவிலிருந்து கானாவுக்குள் போகிற சின்ன எல்லைச் சாவடி அது. முத்திரை போடுகிற அதிகாரியின் ஜன்னலுக்குப் பத்தடி முன்னால் அவள் பெஞ்சு. ஒரு கட்டுப் பேனா, பசை டப்பா, ஒரு கைப்பேசி. வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதுதான் தொழில். ஊரே அவளை டாவி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுகிறது. அவளைவிடப் பத்து வயது மூத்த கிழவிகளும் அப்படித்தான். அவர்களை மட்டும் அவள் முறைப்பாள்.

“விசா வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு வர்றாங்க,” என்பாள். “அது கதவத் தட்டத்தான். தெறக்கிற மனுசன் இங்க இல்ல உட்கார்ந்திருக்காரு?” மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்ற பேச்சை நம்பமாட்டாள், கையில் வாங்கிப் பார்ப்பாள். கொசுவலை உண்டா, கைப்பேசியை உள்ளே வைத்தாயா, சாவடியைப் படம் எடுக்கிற எண்ணம் எதுவும் இல்லையே என்று குடைவாள். தங்குமிடம் என்ற கட்டத்தில், ‘தேவாலயத்துக்குப் பின்னால், நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த வீடு’ என்று எழுதுவாள். வீட்டுக்காரருக்கு அங்கேயே போன் போடுவாள், எடுக்கத் தாமதித்தால் அவருக்கும் இரண்டு திட்டு விழும். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு பாடம்: முதலில் வணக்கம், வீட்டார் நலம், பிறகுதான் காரியம். இடது கையால் எதையும் நீட்டாதே, ஆட்டாதே, முடிந்தால் உனக்கு இடது கையே இல்லை என்று நினைத்துக்கொள்.

ஊருக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொடுக்கிறவள், இரண்டு மாதமாக ஜன்னலுக்குள் இருக்கிற அமெடோ அதிகாரிக்கு வணக்கம் சொல்லாமலிருந்தாள். பெஞ்சை நாலடி தள்ளிப் போடச் சொன்னார், அதுவும் வரிசையில் நின்றவர்கள் எதிரில். அடித்துக்கொண்டால்கூட அந்த ஊரில் சமாதானம் ஆகிவிடலாம். வணக்கம் நின்றுபோவது லேசான விஷயமில்லை. அவரே வந்து காலில் விழுந்தாலும் தன் வாய் திறக்காது என்று எனியோனம் அபோலோ என்கிற சோள மாவுக் கொழுக்கட்டையையும் பொரித்த நெத்திலியையும் மென்றபடி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

போன சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கறுப்புக் கோட்டு போட்டு ஒருவன் வந்தான். பெயர் செலோர்ம். ஐந்து வயதில் ஹாம்பர்க் போனவன், இப்போது நாற்பதைத் தாண்டியாயிற்று. சொந்த மண்ணுக்கு விசா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அப்பாவின் ஊர். பன்னிரண்டு மணிக்கு அடக்கம், இவன் மூத்த பிள்ளை. எனியோனம் வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் பேசி, அவனைத் தள்ளாத குறையாக ஜன்னலுக்கு அனுப்பினாள். அட்டை, படிவம், போட்டோ எல்லாம் கச்சிதம்.

அவன் நேரே போனான். “சீக்கிரம் வேணும்,” என்றான். இடது கையால் பாஸ்போர்ட்டை நீட்டினான்.

அமெடோ அந்தக் கையைப் பார்த்தார். “அப்படி உட்காரு, கூப்பிடறேன்,” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனியோனம் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளைக்காரன், சீனாக்காரன், போன வாரம் வந்த பிரேசில் கன்னியாஸ்திரி வரைக்கும் அத்தனை பேருக்கும் ஒப்பித்த பாடத்தை இவனுக்கு மட்டும் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டாள். செலோர்ம் என்று பெயர் வைத்துக்கொண்டு இது தெரியாத பிள்ளையும் இருக்குமா? தப்புச் செய்தவன் தானே போய் மன்னிப்புக் கேட்டாலும் அங்கே எடுபடாது, அவனுக்காக இன்னொருவர் போய்க் கெஞ்ச வேண்டும். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய் முழங்காலை மடக்கினாள்.

“காலையில நல்லபடியா எந்திரிச்சீங்களா?”

அமெடோவின் பேனா நின்றது. கேட்ட வணக்கத்துக்குப் பதில் சொல்லாமலிருக்க அவராலும் முடியாது. “எந்திரிச்சோம்.”

“வீட்ல இருக்கிறவங்க?”

“இருக்காங்க.”

“பிள்ளைங்க?”

“நல்லாருக்காங்க.”

செலோர்ம் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாத பாக்கி, ஒன்றுவிடாமல் போயிற்று. பிள்ளைகளின் படிப்பு, ஆட்டின் குட்டி, மச்சினனின் படகு. கடைசியில் அம்மாவின் முழங்கால் வந்தது.

“வீக்கம் வத்தலக்கா,” என்றார் அமெடோ, குரல் இறங்கி. “நீங்க தர்ற எண்ணெயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்கதான் பேசறதில்லையே, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?”

எனியோனம் ஜன்னல் பக்கம் இன்னும் சாய்ந்தாள். “நாளைக்குக் கொண்டாரேன். இந்தப் பையன் மேல தப்பில்லங்க, எல்லாம் என் தப்பு. நம்ம பிள்ளையாச்சேன்னு சொல்லாம விட்டுட்டேன். பன்னெண்டு மணிக்கு அவங்கப்பாவ மண்ணுல வைக்கிறாங்க.”

“சாவுக்கா வந்திருக்கான்? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“வணக்கமே சொல்லத் தெரியல, சாவ மட்டும் எப்படிச் சொல்லுவான்?”

எனியோனம் செலோர்மின் பாஸ்போர்ட்டை வாங்கி உள்ளே நீட்ட, முத்திரை விழுந்தது. அமெடோ எழுந்து நின்று துக்கம் விசாரித்துப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். செலோர்ம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தடுப்புக் கம்பத்தைத் தாண்டி ஓடினான். மணி பத்து இருபது.

அந்தப் பக்கம் ஷேர் வண்டி நின்றது. உள்ளே எட்டுப் பேர், இவனோடு ஒன்பது. பத்தாவது சீட்டு காலி. அதற்கும் தானே காசு தருவதாகச் செலோர்ம் மன்றாடினான். டிரைவர் அசையவில்லை. “சாவு வீட்டுக்குப் போறப்ப காலி சீட்டோட வண்டி எடுக்கமாட்டேன். அதுல யாரு வந்து உட்காருவாங்கன்னு நமக்கென்ன தெரியும்?” இது அந்த டிரைவரின் சொந்தச் சட்டம், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

எனியோனம் இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டாள். திரும்பி வரிசையைப் பார்த்தாள். சந்தை நாள். நிரப்பாத படிவங்களோடு இருபது பேர் நின்றார்கள், அவளுக்கு அந்த வாரத்தில் அதுதான் நல்ல நாள்.

பேனாக் கட்டை எடுத்து அமெடோவின் ஜன்னலில் வைத்தாள். விறுவிறுவென்று கம்பத்துக்கு அடியில் குனிந்து போய், பத்தாவது சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.