சாட்சி சொல்ல வந்த பச்சமுத்து

சுளுக்கு எடுக்கிறவனுக்குக் கை மட்டும் இருந்தால் பத்தாது, வாயும் வேண்டும். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டோரம் கடை போட்டிருக்கும் தனபாலுக்கு இரண்டுமே நல்லபடி ஓடும். லாரிக்காரர்களும், ஊர் ஊராகப் போய் போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்களும்தான் அவனுக்குக் கிராக்கி. மாதக்கணக்கில் வண்டியிலேயே கிடந்துவிட்டு ஊர் திரும்புகிறவன் முதுகு பலகை மாதிரி இறுகிப் போயிருக்கும். பெஞ்சில் குப்புறப் போட்டு எண்ணெயை ஊற்றிக் கையை வைத்தவுடனே எவனும் இளகிக் கொடுக்க மாட்டான். பேச்சுக் கொடுக்க வேண்டும். யார் வண்டி எங்கே கவிழ்ந்தது, எந்தச் செக்போஸ்ட்டில் கெடுபிடி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தால், படுத்திருக்கிறவன் வலியை மறந்து காதைக் கொடுப்பான். காது அங்கே போனதும் சதை இங்கே தளர்ந்துவிடும். அப்புறம் கட்டை விரலை எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் இறக்கலாம்.

அந்தப் பேச்சில்தான் பச்சமுத்துவின் பிழைப்பு போனது.

பச்சமுத்து, சின்னண்ணன் என்கிற லாரி முதலாளியிடம் வெகுகாலமாக லைன் வண்டி ஓட்டியவன். நாக்பூர், இந்தூர் என்று போய் வருவான். வந்து இறங்கினால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே தனபால் கடைக்கு வந்து முதுகைக் காட்டிவிட்டுத்தான் போவான். அப்படிப் பழகி இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிட்டார்கள். போன வருஷம் ஒரு நடை முடிந்து வந்தவன், வலது கால் அடிக்கடி மரத்துப் போகிறது, செருப்புக் காலில் இருக்கிறதா இல்லையா என்றே சில நேரம் தெரியவில்லை என்று சொன்னான். தனபால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை தடவிப் பார்த்தான். பின்தொடையில் ஓரிடத்தில் சதை முறுக்கின கயிறு போலக் கிடந்தது. நாலு தடவை வந்து போங்கண்ணா, சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினான். சொன்னபடி சரியாகவும் ஆனது. ஆனால் அதற்குச் சில மாதம் பிடித்தது.

அதற்குள் நடந்தது வேறு. அதே வாரம் சின்னண்ணன் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று கடைக்கு வந்து படுத்தார். அந்த மனுஷன் எதற்கும் மசிகிற ஆள் இல்லை. தனபால் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் சொல்லிப் பார்த்தான். கழுத்து கல்லாகவே இருந்தது. கடைசியில் வாயில் வந்ததை எடுத்து விட்டான்.

"உங்க பச்சமுத்தண்ணனுக்குக் காலு மரத்துப் போகுதாமுங்க. பிரேக்கு மேல காலு இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லையாமா."

சின்னண்ணன் தலையைத் தூக்கி, "அப்புடியா?" என்றார். அதுவரை ஒன்றுக்கும் வாய் திறக்காத முதலாளி கேட்டுவிட்டாரே என்ற குஷியில் தனபால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னான். பச்சமுத்து சொன்ன செருப்பு தனபால் வாயில் பிரேக் ஆகிவிட்டது. கழுத்தும் தளர்ந்தது. சின்னண்ணன் எழுந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கைராசிக்காரன் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

அடுத்த நடைக்கு வண்டிச் சாவி பச்சமுத்து கைக்கு வரவில்லை. பிரேக் மிதிக்கக் கால் இல்லாதவனை நம்பி வண்டியைக் கொடுக்க முடியாது என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சாவி போனது சிவக்குமார் கைக்கு. சிவக்குமார் வேறு யாரும் இல்லை, பச்சமுத்து பெண்டாட்டி மஞ்சுளாவின் கூடப் பிறந்த தம்பி. அவனும் அதே முதலாளியிடம் உள்ளூர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன்.

பச்சமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தான். கால் விஷயம் தெரிந்தது மஞ்சுளாவுக்கு. அவள் போனில் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள், அதை அவளே ஒப்புக்கொண்டாள். தம்பி லைன் வண்டிக்கு ஆசைப்பட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டான். கணக்கு நேராகத்தான் வந்தது. தெரிந்த இன்னொரு ஆள் தனபால் என்பது அவன் நினைப்பிலேயே ஏறவில்லை.

மச்சினன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். மிதிக்கவில்லை. தை மாதம் அவன் மகள் இலக்கியாவுக்குத் திரட்டிச் சீர் வைத்தார்கள். பெண் பெரியவளான சீருக்குத் தாய்மாமன் இல்லாமல் எங்கேயாவது நடக்குமா? நடந்தது. மஞ்சுளாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையில் ஒருத்தனைப் பிடித்து மாமன் இடத்தில் நிறுத்தி மாலை போடச் சொன்னார்கள். மஞ்சுளா சமையல் கொட்டகைப் பக்கம் போய் நின்று அழுதாள். அந்தப் பந்தியில் தனபாலும் உட்கார்ந்திருந்தான். பச்சமுத்துவே வந்து அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி, "நல்லாச் சாப்புடு தனபாலு" என்றான். தனபால் சாப்பிட்டான்.

தன் மனசுக்கு அவன் ஒரு சமாதானம் வைத்திருந்தான். கால் மரத்த ஆள் லாரி ஓட்டி ரோட்டில் போகிற யார் மேலாவது ஏற்றியிருந்தால் என்ன ஆவது, சொன்னது நல்லதற்குத்தானே என்பான். ஆனால் மனசு சும்மா இருக்காது. அவ்வளவு அக்கறை இருந்தால் பச்சமுத்துவிடமே கொஞ்ச நாள் வண்டி எடுக்காதே என்று சொல்லியிருக்கலாமே, பயப்படாதே என்று ஏன் அனுப்பினாய் என்று திருப்பிக் கேட்கும். ஒரு கழுத்து இளகுவதற்காக ஒரு குடும்பத்தை விற்றுவிட்டோம் என்பதுதான் உண்மை. கால் குணமான பிறகும் பச்சமுத்துவுக்கு வண்டி கிடைக்கவில்லை. எடை மேடையில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டி வருகிற லாரியை எடை போட்டு அனுப்புகிற வேலைதான் கிடைத்தது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஊருக்குள் ஓரிடத்தில் மசாஜ் என்று போர்டு மாட்டி வேறு தொழில் நடந்தது பிடிபட்டது. அதிலிருந்து தனபால் கடைக்கும் போலீஸ்காரர் வந்து நிற்க ஆரம்பித்தார். நீ யார், உனக்கு யார் பொறுப்பு, ஏதாவது அத்தாட்சி இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கு என்றார். சேலத்தில் உடம்பு பிடித்துவிடுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதில் சேர்ந்து அட்டை வாங்கி மாட்டிவிட்டால் தொந்தரவு இருக்காது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். சேருவதற்கு ஒரு நாள் வகுப்பில் உட்கார வேண்டும். பழைய கிராக்கி ஒருவரைக் கூட்டிவந்து எல்லோர் முன்பாகவும் சாட்சி சொல்ல வைக்க வேண்டும்.

தனபால் ஒரு ரிக் வண்டிக்காரரை மனசில் வைத்திருந்தான். அவர் ஒடிசாவில் இருந்தார். அதற்குள் சேதி பச்சமுத்து காதுக்குப் போய்விட்டது. நான் வாரேன் என்று வந்து நின்றான். உங்களுக்கு எதற்குச் சிரமம், வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம் என்று தனபால் எவ்வளவோ நழுவிப் பார்த்தான். நடக்கவில்லை.

"எனக்குக் காலு குடுத்தவன் நீ. உனக்கோசரம் நாலு வார்த்தை சொல்ல மாட்டனா? பேசாம வாப்பா."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேலம் போனார்கள். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூட்டம். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் பெண்கள், கபடிக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் பையன்கள் என்று ஹால் நிறைந்திருந்தது. மதுமதி என்ற அம்மாள் சங்கத்துச் செயலாளர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சுடும் வீக்கத்தில் கை வைக்காதே, எலும்பு முறிவு என்று தோன்றினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, காய்ச்சல்காரனைத் தொடாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில், ஒருவர் உடம்பைத் தொடும்போது நமக்குத் தெரிய வருவதெல்லாம் அவருக்குச் சொந்தம், அது இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது, போனது தெரிந்தால் சங்கம் அட்டையைத் திரும்ப வாங்கிவிடும் என்றார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அப்ப பேச்சே குடுக்கப் படாதுங்களா? ஊமையாட்டம் அமுக்கிட்டு இருந்தா கிராக்கி தூங்கிப் போயிருவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மதுமதியும் சிரித்தார். "பேசுங்க. மழையப் பேசுங்க, மஞ்ச வெலையப் பேசுங்க. அடுத்தவங்க ஒடம்பப் பேசாதீங்க."

தனபால் சிரிக்கவில்லை. பின்னால் சாட்சிக்காரர்களோடு உட்கார்ந்திருந்த பச்சமுத்துவைத் திரும்பிப் பார்க்கவும் பயம். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அங்கே பச்சமுத்து பக்கத்தில் உட்கார்ந்த ஆளிடம் தனபாலின் கைப்பக்குவத்தைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். தனபால் மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டான்.

சாப்பாட்டுக்குப் பிறகு சாட்சி. பச்சமுத்து வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மைக் முன்னால் போனான். எல்லோரிடமும் கேட்கிற இரண்டே கேள்விதான். இவர் கைபட்டு உங்களுக்கு எப்போதாவது வலியோ காயமோ கூடியிருக்கிறதா என்பது ஒன்று. அதெல்லாம் கிடையாது, செத்த காலுக்கு உயிர் கொடுத்தவன் என்றான். உங்கள் உடம்பைப் பற்றி இவர் வெளியில் யாரிடமாவது பேசியிருக்கிறாரா என்பது அடுத்தது. பச்சமுத்து மைக்கை இன்னும் கிட்ட இழுத்தான்.

"இவனாங்க? ஏனுங்கம்மா, எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவனே என்னையக் காட்டிக் குடுத்துப் போட்டான். இவன் குடுக்கலீங்க. இவங்கிட்டச் சொன்னது கெணத்துல போட்ட கல்லாட்டமுங்க."

கை தட்டினார்கள். அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். தனபாலுக்குத் தெரியும். காலை ஊன்றவும் செய்தான். ஆனால் ஷட்டர் இறங்குகிற சத்தம்தான் காதில் கேட்டது. உட்கார்ந்தே இருந்தான். பெயரைக் கூப்பிட்டு, போட்டோ ஒட்டின அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். பச்சமுத்துதான் எல்லோரையும் விட அதிகமாகக் கை தட்டினான்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பச்சமுத்து ஜன்னலோரம். அட்டையைக் கழற்றாதே, அப்படியே வீட்டுக்குப் போய்க் காட்டு என்றான். ஊர்ப் பேச்சு, எடை மேடைப் பேச்சு எல்லாம் பேசிக்கொண்டே வந்தவன், ஆட்டையாம்பட்டி நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டான். சிவக்குமார் வீடு அங்கே ரோட்டை ஒட்டித்தான். ஒவ்வொரு தடவையும் அந்த ஊர் தாண்டுகிறவரை அப்படித்தான் உட்காருவான் என்று தனபாலுக்குத் தெரியும். உள்பக்கம் திரும்பிய முகம் இப்போது நேராகத் தனபாலைப் பார்த்தது.

"அண்ணா, சிவக்குமார் சொல்லலீங்க. மொதலாளிகிட்ட நாந்தான் சொன்னேன்" என்றான் தனபால்.

பச்சமுத்து நம்பவில்லை. ஊருக்கு மத்தியஸ்தம் பண்ண வந்துட்டயா, எவன் பழியையோ நீ எதுக்குத் தூக்கற என்றான்.

"நீங்க செருப்புத் தெரியறதில்லைன்னீங்க. அதைப் பிரேக்குன்னு மாத்திச் சொன்னது நானுங்க. அவரு கழுத்து எளகட்டும்னு சொன்னேன்."

பச்சமுத்து முகம் மாறவில்லை. முதலாளி பிரேக் என்று சொன்ன நாளிலிருந்து, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியாமலே இருந்தது. மஞ்சுளாவிடம்கூட அவன் செருப்பு என்றுதான் சொல்லியிருந்தான். இப்போது புரிந்தது. திட்டுவான், அடிப்பான் என்று தனபால் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டர் ஆட்டையாம்பட்டி என்று கத்தினார். பச்சமுத்து எழுந்தான்.

"எறங்கு."

சிவக்குமார் நடை முடிந்து வந்து வீட்டில்தான் இருந்தான். அக்கம்பக்கத்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பச்சமுத்துவைப் பார்த்ததும் அவனுக்கு வாய் குழறியது. வாங்க மச்சான் என்பதற்குள் திணறிவிட்டான். பச்சமுத்து வாசற்படியிலேயே நின்று, "இவன் சொல்றதைக் கேளு மாப்ள" என்றான். தனபால் பஸ்ஸில் சொன்னதை மறுபடியும் சொன்னான். தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை என்று சிவக்குமாரின் பெண்டாட்டி கிட்டே வந்தாள். அவளுக்காக மூன்றாவது தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவைக்கும் சிறுத்துக்கொண்டே போனான் தனபால்.

சிவக்குமார் அவனைப் பார்க்கவே இல்லை. "சாவி குடுத்தப்ப நானாச்சும் வேண்டாம்னிருக்கோணும் மச்சான். எனக்கும் ஆசைதான்" என்றான்.

அவன் பெண்டாட்டி, இலக்கியாவுக்கு எடுத்த சீர்ச் சேலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, யாரும் கட்டவில்லை என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பச்சமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். தனபாலை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சீரை இனி நடத்த முடியாது. அந்தப் பெண்ணுக்கு மாமன் மாலை போடாமல் போனது போனதுதான். தனபால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பினான். பின்னாலேயே பச்சமுத்து வெறும் காலோடு வாசலுக்கு வந்தான்.

"அத்தனை சனத்துக்கு முன்னால என்னையப் பொய் சொல்ல வச்சுட்டே. அதை நான் போயி மாத்திச் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லோணும்."

"சொல்றனுங்கண்ணா."

"அண்ணன்னு கூப்புடாத."

பஸ் நிறுத்தத்தில் நின்று தனபால் மதுமதிக்குப் போன் போட்டான். சாட்சி சொன்னவர் மேல் தப்பில்லை, தெரியாமல் சொல்லிவிட்டார், தப்பெல்லாம் என்னுடையது என்று ஆரம்பித்து, கழுத்துப் பிடிப்பிலிருந்து தாய்மாமன் சீர் வரை எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அட்டையக் கடையில மாட்டாதீங்க. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. இப்ப எங்கிட்டச் சொன்னதை அங்க எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அப்பறம் வெச்சுக்கறதா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்."

"போலீஸ்காரரு வருவாருங்களே" என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. சரிங்க என்றான்.

திருச்செங்கோட்டு பஸ் வந்தது. உட்கார எத்தனையோ இடம் இருந்தது. தனபால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனான்.