காடி நல்லாத்தான் இருக்கு

1. நான் ஓட்டிவந்த காடி குலுங்கியது.
2. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் முந்திவந்து மறித்தது.
3. "காடி ரோசாக்காம்மா, கெட்டுப்போச்சா?" என்று பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் மணியம் அண்ணன் கேட்டார்.
4. என் சோதனைப் பதிவு பாழானது.

அன்று காலையிலிருந்து இதே கதைதான். பெட்ரோல் காடியில் ஒரு சிலிண்டர் எரியாமல் போய்க் காடி குலுங்கினால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். வெறும் மேடுபள்ளக் குலுக்கலுக்கு எரியக் கூடாது. அதைச் சரிப்படுத்துவது என் வேலை. அதற்காகப் புக்கிட் செலம்பாவ் செம்மண் சாலையில் ஓட்டியபடி, வேண்டுமென்றே ஒரு சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்துவேன். நடுவில் காடியை நிறுத்தினால் பதிவு மறுபடி முதலிலிருந்து. மாலைக்குள் முடித்தாக வேண்டும்.

"நல்லாத்தான் இருக்குண்ணே. நான்தான் குலுங்க வைக்கிறேன்."

"நல்ல காடிய யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா லா?"

பொறுமை போய், 'காடி நல்லாத்தான் இருக்கு, நிறுத்த வேண்டாம்' என்று எழுதிப் பின்கண்ணாடியில் ஒட்டினேன். அதன்பிறகு யாரும் மறிக்கவில்லை.

மதியம் காடி உண்மையிலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. கைப்பேசிக்கும் லைன் இல்லை. மணியம் அண்ணன் வருவதைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

"தெரியும்மா, நல்லாத்தான் இருக்கு!" என்று கத்திவிட்டுப் போயே போய்விட்டார்.

காகிதத்தைக் கிழித்துவிட்டு, அவர் திரும்பி வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வீணாக எரிவதுதான் பெரிய தொல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்; எரிய வேண்டிய நேரத்தில் எரியாததுதான் பெரிது.

அன்று சோதனை முடியவில்லை. இன்றும் முடியவில்லை. காகிதத்தை நான் மறுபடி ஒட்டவில்லை. மணியம் அண்ணன் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வந்து மறிக்கிறார்.