மாடியேறிப் பார்க்காத ஏரி

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரியை ஒட்டியது. மொட்டை மாடியில் நின்றால் ஏரி முழுதாகத் தெரியும். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலிருந்து டிவி செய்தியில், ஏரிகள் உடையும் அபாயம் என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மாடிக்குப் போய்ப் பார்க்கத் தோன்றவே இல்லை. கீழ்வீட்டில் குடியிருக்கும் நிறைமாதக்காரி செல்வியிடம் ஓடி, "ஏரி ஒடயப் போவுதாம், கெளம்பு" என்று கொட்டும் மழையில் இழுத்துப்போனேன். வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் கை முறிந்துவிட்டது.

கட்டுப் போட்டுத் திரும்பிய பிறகுதான் மாடியேறினேன். ஏரி கரைக்கு வெகு கீழே கிடந்தது. செல்வியின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போதெல்லாம் மழை பிடித்தால் செய்தி வைப்பதில்லை, மாடிக்குத்தான் போகிறேன். ஆனாலும் நான் எதைச் சொன்னாலும் செல்வி கேட்கிறாள்: "நீயே பாத்தியாக்கா, இல்ல டிவில சொன்னாங்களா?"